சீட்டில் எழுதியிருப்பது மருந்தா, பிராண்டா? மருந்துச் செலவு எங்கே ஏறுகிறது என்று புரிந்துகொள்வோம்

காரைக்குடியில் ஒரு மருந்துக் கடையில் மருந்தாளுநராக நிற்கிறேன், இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. கோட்டையூர், பள்ளத்தூர், புதுவயல், கண்டனூர் என்று சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து பஸ் ஏறி டாக்டரைப் பார்க்க வருகிறவர்கள் சீட்டோடு என் முன்னால் நிற்கும்போது மூன்று பேச்சுகளை மாறி மாறிக் கேட்கிறேன். "கமிஷனுக்காகத்தான் டாக்டர் இவ்வளவு எழுதுறாரு." "ஜெனரிக் வேண்டாம் தம்பி, அது டூப்ளிகேட்." "வெலை கூடனாலும் பரவாயில்ல, நல்ல கம்பெனியாக் குடுங்க." மூன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் மூன்றும் சேர்ந்து ஒரு குடும்பத்தை மாதாமாதம் வீண் செலவில் தள்ளுகின்றன, சில வீடுகளில் தேவையான மாத்திரையையே பாதியில் நிறுத்த வைக்கின்றன. காசு போதவில்லை என்று பிரஷர் மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிட்டு, கடைசியில் கை கால் இழுத்துக்கொண்டு படுத்தவர்களை எனக்குத் தெரியும். அந்த மாத்திரையையே மிகக் குறைந்த விலையிலும் வாங்கியிருக்கலாம், அரசு மருத்துவமனையில் காசில்லாமலும் வாங்கியிருக்கலாம் என்பதுதான் மனதை அறுக்கிறது.

அதனால் அடிப்படையிலிருந்து ஆரம்பிக்கிறேன். மருந்து படிப்பு எதுவும் வேண்டாம்.

தேன்குழலும் டப்பா மேல் உள்ள பெயரும்

நம் ஊர்ப் பலகாரக் கடைகளில் தேன்குழல் வாங்குகிறோம். ஒரு கடை டப்பாவில் ஒரு பெயர், அடுத்த கடை டப்பாவில் இன்னொரு பெயர். உள்ளே இருப்பது தேன்குழல்தான், அரிசி மாவும் உளுந்து மாவும். யாராவது வீட்டுக்கு வந்து "என்ன பலகாரம்?" என்று கேட்டால் தேன்குழல் என்போம், கடைப் பெயரைச் சொல்ல மாட்டோம்.

மாத்திரையில் இது தலைகீழாகிவிட்டது. டோலோ, கால்பால், குரோசின் என்று கடைப் பெயரைத்தான் சொல்கிறோம். உள்ளே இருக்கும் பண்டத்தின் பெயர் பாரசிட்டமால். இந்தப் பண்டத்தின் பெயருக்குப் பொதுப்பெயர் என்று வைத்துக்கொள்வோம், உலகம் முழுக்க மருத்துவர்களுக்குத் தெரிந்த, எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லாத பெயர் அது. கம்பெனி தன் சரக்குக்கு வைக்கும் பெயர் பிராண்ட். பிரஷருக்கு அம்லோடிபின், டெல்மிசார்ட்டன், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாட்டின், நாம் 'காஸ் மாத்திரை' என்று சொல்லும் பேன்டோபிரசோல் எல்லாம் பொதுப்பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் நம் நாட்டில் டஜன் கணக்கில் பிராண்டுகள் இருக்கின்றன.

உங்கள் வீட்டில் இருக்கும் ஒரு அட்டையை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். பிராண்ட் பெயரோடு பொதுப்பெயரும் அச்சாகியிருக்கும். பெரும்பாலும் பொதுப்பெயருக்குப் பின்னால் ஐ.பி. என்று இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். இந்தியன் ஃபார்மகோபியா என்பதன் சுருக்கம் அது. ஒரு மாத்திரையில் எவ்வளவு மருந்து இருக்க வேண்டும், எவ்வளவு நேரத்தில் கரைய வேண்டும், எந்த அளவுக்குச் சுத்தமாக இருக்க வேண்டும் என்று நாட்டுக்குப் பொதுவாக எழுதி வைத்த தர நூல். தேன்குழல் உதாரணம் இந்த இடத்தோடு நிற்கிறது. தேன்குழலின் ருசி கைக்குக் கை மாறலாம், யாரும் கேட்க முடியாது. மாத்திரைக்கு அந்தச் சுதந்திரம் சட்டப்படி கிடையாது.

'ஜெனரிக்' என்றால் போலி இல்லை

ஒரு புதிய மருந்தைக் கண்டுபிடித்த கம்பெனிக்கு 20 வருடம் காப்புரிமை கிடைக்கிறது. அதுவரை வேறு யாரும் அதைச் செய்து விற்க முடியாது. காலம் முடிந்ததும் தகுதியுள்ள எந்தத் தொழிற்சாலையும் உரிமம் வாங்கிச் செய்யலாம், அப்படிச் செய்யப்படுவதுதான் ஜெனரிக். நம் நாட்டில் 1970ல் வந்த காப்புரிமைச் சட்டம் மருந்துக்கு நேரடியாகக் காப்புரிமை தரவில்லை, அதைச் செய்யும் முறைக்கு மட்டும் தந்தது. அதனால் வேறு முறையில் அதே மருந்தைச் செய்யும் கம்பெனிகள் இங்கே ஏராளமாக வளர்ந்தன. 2005ல் மருந்துக்கான காப்புரிமை திரும்ப வந்தது, ஆனால் அதற்குள் நம் மருந்துத் தொழில் வேரூன்றிவிட்டது.

இப்போது நம் ஆட்கள் தவறவிடும் இடத்துக்கு வருகிறேன். நீங்கள் "நல்ல கம்பெனி" என்று கேட்டு வாங்கும் பிரஷர் மாத்திரையும் சுகர் மாத்திரையும் பெரும்பாலும் ஜெனரிக்தான்! காப்புரிமை முடிந்த மருந்தை ஒரு கம்பெனி தன் பெயர் போட்டு விற்கிறது, அவ்வளவுதான். இதை பிராண்டட் ஜெனரிக் என்பார்கள். பெயர் போடாமல், அல்லது பெயருக்கு விளம்பரம் செய்யாமல், பொதுப்பெயரில் வருவதைத்தான் நாம் பேச்சில் 'ஜெனரிக்' என்று சுருக்கிவிட்டோம். போலி மருந்து என்பது வேறு விஷயம். அது அட்டையில் ஒன்று எழுதி உள்ளே வேறொன்று வைக்கும் குற்றம், எந்தப் பெயரிலும் நடக்கலாம், சொல்லப்போனால் அதிகம் விற்கும் பெயரில்தான் போலி செய்ய ஆசை வரும்.

"ஒரே பொருள்தான், ஆனா ஒரே மாதிரி வேலை செய்யுமா?" என்பது நியாயமான கேள்வி. காரைக்குடியிலிருந்து மதுரைக்கு இரண்டு பஸ் போகிறது என்று வையுங்கள். ஒன்று புது பெயிண்ட், மெத்தை சீட்டு. இன்னொன்று சாதா பஸ். மாட்டுத்தாவணியில் எத்தனை பேர் இறங்கினார்கள், எத்தனை மணிக்கு இறங்கினார்கள் என்பது மட்டும்தான் நம் கேள்வி என்றால் பெயிண்ட் கணக்கில் வராது. மாத்திரையிலும் அப்படித்தான், மருந்து எவ்வளவு ரத்தத்தில் போய்ச் சேர்கிறது, எவ்வளவு வேகத்தில் சேர்கிறது என்று ஆட்களுக்குக் கொடுத்து அளந்து பார்ப்பார்கள். இரண்டு மாத்திரைகளுக்கும் இந்த அளவு ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் அவை உயிரியல் சமநிலை உள்ளவை. எளிதில் கரையாத சில வகை மருந்துகளுக்கு இந்தச் சோதனை கட்டாயம் என்று 2017ல் நம் நாட்டில் விதி வந்தது.

தரம் குறைந்த மாத்திரையே சந்தையில் இல்லை என்று நான் சொல்லவில்லை. மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை மாதாமாதம் சோதித்துத் தேறாத மருந்துகளின் பட்டியலை வெளியிடுகிறது, அதில் சின்னக் கம்பெனிகளும் வருகின்றன, பெரிய பெயர்களும் வந்திருக்கின்றன. விலை கூடினால் தரம் கூடும் என்ற கணக்கு அந்தப் பட்டியலைப் பார்த்தால் நிற்காது. இன்னொன்றும் கவனியுங்கள். அட்டையில் "தயாரித்தவர்", "விற்பனை செய்பவர்" என்று இரண்டு முகவரிகள் இருப்பது சாதாரணம். விற்பவர் மும்பையிலோ சென்னையிலோ இருப்பார், தயாரிக்கும் இடம் இமாச்சலப் பிரதேசத்தில் பத்தி என்ற ஊராகவோ, உத்தராகண்டில் ஹரித்வாராகவோ இருக்கும். ஒரே தொழிற்சாலை பல பேருக்கு மாத்திரை அடித்துக் கொடுக்கிறது, அட்டை மட்டும் மாறுகிறது.

இதுவரை பார்த்தது இதுதான்: மருந்துக்குப் பொதுப்பெயர் ஒன்று, பிராண்ட் பல. ஜெனரிக் என்பது காப்புரிமை முடிந்த மருந்து. போலி என்பது வேறு. விலை தரத்தின் அளவுகோல் இல்லை.

அப்படியானால் விலை ஏன் இப்படி மாறுகிறது?

மாத்திரை கம்பெனியிலிருந்து ஸ்டாக்கிஸ்ட் என்னும் மொத்த வியாபாரிக்கு வரும், அவரிடமிருந்து கடைக்கு வரும், கடையிலிருந்து உங்களுக்கு. அட்டையில் எம்.ஆர்.பி. என்று இருப்பது அதிகபட்ச சில்லறை விலை, அதற்கு மேல் விற்கக் கூடாது, கீழே எவ்வளவுக்கு வேண்டுமானாலும் விற்கலாம். கடைகளில் பத்து சதவீதம், இருபது சதவீதம் தள்ளுபடி என்று போர்டு தொங்குவது இதனால்தான்.

எல்லா மருந்துக்கும் கம்பெனி இஷ்டப்படி விலை வைக்க முடியாது. அத்தியாவசிய மருந்துகளின் தேசியப் பட்டியல் என்று ஒன்று இருக்கிறது, 2022ல் திருத்தியபோது அதில் 384 மருந்துகள் இருந்தன. இந்த மருந்துகளுக்கு 2013ல் வந்த விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் உச்சவரம்பு விலை ஒன்றை வைக்கிறது. கணக்கு எப்படி என்றால், அந்த மருந்தின் சந்தையில் குறைந்தது ஒரு சதவீதம் பங்கு வைத்திருக்கும் பிராண்டுகள் கடைக்கு விற்கும் விலையையெல்லாம் கூட்டிச் சராசரி எடுப்பார்கள், அதோடு கடைக்காரருக்கு 16 சதவீதம் சேர்ப்பார்கள். புரிவதற்காக எண் போட்டுப் பார்ப்போம். நான்கு பிராண்டுகள் ஒரு மாத்திரையை 2, 3, 4, 7 ரூபாய்க்குக் கடைக்குத் தருகின்றன என்றால் சராசரி 4 ரூபாய், 16 சதவீதம் சேர்த்தால் 4 ரூபாய் 64 காசு. ஏழு ரூபாய்க்காரர் இறங்கி வர வேண்டும், இரண்டு ரூபாய்க்காரர் அப்படியே இருக்கலாம். உச்சவரம்பு வந்த பிறகும் ஒரே மருந்துக்குப் பல விலை இருப்பது இதனால்தான். இந்தச் சராசரியில் மாத்திரை செய்ய என்ன செலவாகிறது என்ற கேள்வியே இல்லை என்பதையும் கவனியுங்கள்.

பட்டியலுக்கு வெளியே உள்ள மருந்துகளுக்கு ஆரம்ப விலைக்குப் பெரிய பிடி இல்லை, வருடத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்பதுதான் பொதுக் கட்டுப்பாடு. இரண்டு மூன்று மருந்தை ஒரே மாத்திரையில் சேர்த்து வரும் கூட்டு மாத்திரைகளில் பெரும்பாலானவை அத்தியாவசியப் பட்டியலில் கிடையாது. தனித்தனியாக வாங்கினால் உச்சவரம்புக்குள் இருக்கும் மருந்துகள் சேர்ந்து ஒரே மாத்திரையாக வரும்போது அதிலிருந்து நழுவ வழி இருக்கிறது. எல்லாக் கூட்டு மாத்திரையும் மோசம் இல்லை, வயதானவர்களுக்கு மாத்திரை எண்ணிக்கை குறைவது நல்லதுதான். ஆனால் மருத்துவ நியாயமே இல்லாத சேர்க்கைகளும் ஏராளம். 2018ல் 328, 2024ல் 156 என்று கூட்டு மருந்துகளை மத்திய அரசு தடை செய்ததிலிருந்தே அந்த அளவு தெரியும்.

வரியும் ஒன்று இருக்கிறது. 2025 செப்டம்பர் 22லிருந்து பெரும்பாலான மருந்துகளுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. நல்லதுதான், ஆனால் பிராண்டுக்குப் பிராண்ட் இருக்கும் வித்தியாசத்தோடு பார்த்தால் இது சின்னத் தொகை.

மேஸ்திரி எழுதும் சிமெண்ட்

முக்கியமான இடம் இதுதான், கொஞ்சம் நின்று பார்ப்போம்.

வீடு கட்டுகிறீர்கள். தரைக்குப் போட ஆத்தங்குடிக் கல் வாங்கப் போனால் நீங்களே போய்ப் பார்த்து, பூ டிசைனைத் தேர்ந்தெடுத்து, விலை பேசி வாங்குகிறீர்கள். தேர்ந்தெடுப்பவரும் நீங்கள், காசு கொடுப்பவரும் நீங்கள். ஆனால் சிமெண்ட்டுக்கு மேஸ்திரி துண்டுச் சீட்டு எழுதித் தருகிறார், "இந்தக் கம்பெனி சிமெண்ட், ஐம்பது மூட்டை." உங்களுக்கு சிமெண்ட் தெரியாது, அவரை நம்பி வாங்குகிறீர்கள். அவர் அனுபவத்தில் நல்லது என்று எழுதியிருக்கலாம், கடையில் அவருக்கு ஏதாவது உண்டு என்பதாலும் எழுதியிருக்கலாம், வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே சீட்டு. டாக்டர் சீட்டிலும் இதே அமைப்புதான். தேர்ந்தெடுப்பவர் ஒருவர், காசு கொடுப்பவர் இன்னொருவர், அதனால் விலையைப் பற்றி யோசிக்க வேண்டிய கட்டாயம் தேர்ந்தெடுப்பவருக்கு இல்லை. கம்பெனிகள் தங்கள் மெடிக்கல் ரெப்புகளை உங்கள் வீட்டுக்கு அனுப்பாமல் டாக்டர் அறைக்கு அனுப்புவதன் காரணம் இது. அந்த ரெப், சாம்பிள், மாநாடு எல்லாவற்றுக்குமான செலவு எம்.ஆர்.பி.க்குள்தான் இருக்கிறது.

சரி, அப்படியானால் மேஸ்திரி கம்பெனி பெயர் எழுதாமல் "சிமெண்ட், ஐம்பது மூட்டை" என்று மட்டும் எழுதினால் தீர்ந்துவிடுமா? தேர்வு உங்கள் கைக்கு வராது, கடைக்காரர் கைக்குப் போகும். தனக்கு எதில் லாபம் அதிகமோ அதை எடுத்துக் கொடுப்பார். மருந்திலும் அதுவே நடக்கும், இதை நான் கடைக்குள் நிற்பவனாகச் சொல்கிறேன். விளம்பரமில்லாமல் நேரடியாகக் கடைகளைக் குறிவைத்து வரும் ஜெனரிக் சரக்கில், கடைக்கு அடக்க விலை 12 ரூபாய், அட்டையில் எம்.ஆர்.பி. 90 ரூபாய் என்கிற மாதிரி இடைவெளிகள் உண்டு, எண்கள் உதாரணத்துக்குச் சொன்னவை. இதற்கு மேல் பத்து வாங்கினால் ஒன்று இலவசம் என்று ஸ்கீம் வேறு. 90 ரூபாய் மருந்தை உங்களுக்காக 70க்குத் தருகிறேன் என்று சொன்னால் நீங்கள் நன்றி சொல்லிவிட்டுப் போவீர்கள். நேர்மையான கடை 25க்குத் தரலாம், தருகிற கடைகளும் இருக்கின்றன. ஆக, ஜெனரிக் என்ற சொல் மட்டும் விலையைக் குறைத்துவிடாது. தேர்வு யார் கையில் இருக்கிறது என்பதுதான் விலையைத் தீர்மானிக்கிறது.

சட்டமும் இந்த இழுபறியில்தான் நிற்கிறது. டாக்டர்கள் பொதுப்பெயரில் எழுத வேண்டும் என்று 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகளிலேயே இருக்கிறது, 2016ல் அதைத் தெளிவாகத் திருத்தி, படிக்கும்படியாக, முடிந்தால் பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்றார்கள். 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் இன்னும் கடுமையாக ஒரு விதி கொண்டு வந்தது, மருத்துவர்கள் எதிர்த்தார்கள், அதே மாதத்தில் நிறுத்தி வைத்துவிட்டார்கள். அவர்கள் சொன்ன முக்கியக் காரணம் நான் மேலே சொன்னதுதான்: தேர்வு கடைக்குப் போய்விடும், தரத்துக்கு யார் பொறுப்பு? அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. மறுபக்கம், டாக்டர் ஒரு பிராண்டை எழுதிவிட்டால், உள்ளே இருப்பது ஒரே மருந்து என்றாலும், நானாக வேறு பிராண்டை மாற்றிக் கொடுக்க மருந்து விதிகளில் இடமில்லை. டாக்டர் சீட்டு தேவைப்படும் மருந்துகளுக்கெல்லாம் இது பொருந்தும். "அதே மருந்து விலை கம்மியா இருந்தா குடுங்களேன்" என்று கேட்டு, நாங்கள் தயங்கினால் கோபப்படுகிறீர்களே, காரணம் இதுதான்.

சில டாக்டர்கள் எழுதும் பிராண்ட் அவர்கள் கிளினிக்கை ஒட்டிய கடையைத் தவிர வேறெங்கும் கிடைக்காது. மதுரையில் ஒரு டாக்டரிடம் காட்டிவிட்டு வந்தவர்கள் அந்தச் சீட்டைக் காரைக்குடி முழுக்க அலைந்து காட்டி, கடைசியில் ஒரு அட்டை மாத்திரைக்காக மறுபடி மதுரைக்கு ஆள் அனுப்பியதைப் பார்த்திருக்கிறேன். பொதுப்பெயரைப் பார்த்தால் எங்கள் அலமாரியில் ஏழெட்டுப் பெயரில் அடுக்கியிருக்கும் மாத்திரை அது. வேதனையாக இருந்தது.

சுருக்கமாகச் சொன்னால், பிராண்ட் எழுதினால் டாக்டர் தேர்வு செய்கிறார், பொதுப்பெயர் எழுதினால் கடை தேர்வு செய்கிறது, இரண்டிலும் காசு உங்களுடையது.

ஒரு சீட்டை வைத்து டாக்டரை எடை போடாதீர்கள்

ஒரு டாக்டர் எப்படி எழுதுகிறார் என்று தெரிந்துகொள்ள ஒரு சீட்டு போதாது, நூறு சீட்டு வேண்டும். நூறையும் அடுக்கிப் பார்த்தால் தெரியும் சாயலுக்கு மருந்தெழுதும் போக்கு என்று சொல்லலாம். 1993ல் உலக சுகாதார நிறுவனம் இதை அளக்கச் சில எளிய கேள்விகளை வகுத்தது. ஒரு தடவை வந்தவருக்குச் சராசரியாக எத்தனை மருந்து எழுதப்படுகிறது, அதில் எத்தனை பொதுப்பெயரில், எத்தனை பேருக்கு ஆன்டிபயாட்டிக், எத்தனை பேருக்கு ஊசி, எத்தனை மருந்து அத்தியாவசியப் பட்டியலிலிருந்து. இங்கிலாந்தில் ஊர் டாக்டர்கள் என்ன மருந்து எவ்வளவு எழுதினார்கள், அதற்கு என்ன செலவானது என்பதை கிளினிக் வாரியாக மாதாமாதம் பொதுவில் வெளியிடுகிறார்கள், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நம் பக்கத்துத் தனியார் கிளினிக்குகளுக்கு அப்படி ஒரு ஏற்பாடு இல்லை, இருந்தால் பாதி வம்புப் பேச்சு தானாக நின்றுவிடும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

இந்தக் கேள்விகளில் முதலாவதுதான் நம் பையை அதிகம் காலி செய்கிறது, ஆனால் யாரும் பேசுவதில்லை. பிராண்டைப் பற்றிச் சண்டை போடுகிறோம், எண்ணிக்கையைப் பற்றிக் கேட்பதில்லை. சாதாரண சளிக் காய்ச்சலுக்கு ஒரு காய்ச்சல் மாத்திரை, ஒரு சளி மாத்திரை, ஒரு ஆன்டிபயாட்டிக், அது வயிற்றைக் கெடுக்காமலிருக்க ஒரு காஸ் மாத்திரை, தெம்புக்கு ஒரு சத்து மாத்திரை என்று ஐந்து வந்துவிடுகிறது. வைரஸால் வரும் சளிக்கு ஆன்டிபயாட்டிக் வேலை செய்யாது. அதை எடுத்துவிட்டால் காஸ் மாத்திரைக்கும் பெரும்பாலும் வேலையில்லை. ஆனால் இதற்கு டாக்டரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "ஊசி கூடப் போடல, ரெண்டே மாத்திரை எழுதி அனுப்பிட்டாரு, இவரெல்லாம் ஒரு டாக்டரா" என்று சொல்லிவிட்டு அடுத்த கிளினிக்குக்குப் போகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். கேட்கும் கூட்டம் அப்படி இருந்தால் எழுதும் கையும் அப்படித்தான் பழகும்.

வயதானவர்களிடம் இன்னொரு சங்கிலி உருவாகும். பிரஷருக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறார், அது சிலருக்குக் காலில் வீக்கம் தரும். வீக்கத்தைப் புது நோய் என்று நினைத்து நீர் பிரிய ஒரு மாத்திரை சேர்கிறது. நீர் அதிகம் போவதால் உடம்பில் பொட்டாசியம் குறைந்து சோர்வு, கால் பிடிப்பு. அதற்கு ஒரு சத்து மாத்திரை, ஒரு வலி மாத்திரை. முதல் மாத்திரையை மாற்றியிருந்தால் பின்னால் வந்த மூன்றும் தேவைப்பட்டிருக்காது. ஒரு மருந்தின் பக்கவிளைவை நோயாக எடுத்துக்கொண்டு அடுத்த மருந்து எழுதுவதை மருந்துத் தொடர் என்று சொல்லலாம். ஐந்தும் அதற்கு மேலும் மருந்து தினமும் சாப்பிடுகிறவர்கள் வருடத்துக்கு ஒரு தடவையாவது எல்லாவற்றையும் ஒரே டாக்டரிடம் காட்டி "இதுல எது இப்பத் தேவையில்ல?" என்று கேட்பது, எந்தத் தள்ளுபடியையும்விடப் பெரிய மிச்சம்.

டாக்டர் முன்னாலும் கடையிலும் என்ன கேட்பது

டாக்டரிடம் விலை பேசுவது மரியாதைக்குறைவு என்று நம் ஊரில் ஒரு கூச்சம் இருக்கிறது. தேவையில்லை. "சார், மாசாமாசம் வாங்கணும், இதே மருந்து கொறஞ்ச வெலையில இருந்தா அதை எழுதித் தாங்க, இல்லன்னா பொதுப்பெயரையும் பக்கத்துல எழுதிடுங்க" என்று கேட்டால் பெரும்பாலான டாக்டர்கள் எழுதிக் கொடுக்கிறார்கள். அவர் கையால் அந்த ஒரு வரி இருந்துவிட்டால் கடையில் என் கை கட்டு அவிழ்ந்துவிடும். பிறகு கடையில் "இதுல எந்தக் கம்பெனி கொறைச்சல், அடுத்தது என்ன வெலை?" என்று இரண்டு மூன்று பெயரைக் கேளுங்கள், தள்ளுபடி எத்தனை சதவீதம் என்று கேட்காதீர்கள். ஒரு மாத்திரை எத்தனை ரூபாய் விழுகிறது என்பதே கேள்வி. பில் கேட்டு வாங்குங்கள், அதில் பேட்ச் எண், அதாவது எந்தத் தொகுப்பில் செய்த மாத்திரை என்று காட்டும் எண், இருக்கும்.

மக்கள் மருந்தகம் என்று நாம் சொல்லும், மத்திய அரசுத் திட்டமான ஜன் அவுஷதி கடைகள் 2008ல் ஆரம்பித்தவை. அங்கே ஒரு மருந்தின் விலை, அதிகம் விற்கும் மூன்று பிராண்டுகளின் சராசரியில் பாதிக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. தமிழ்நாடு அரசு 2025 பிப்ரவரி 24 அன்று ஆயிரம் முதல்வர் மருந்தகங்களைத் திறந்தது. இந்த இரண்டிலும் விலையைத் தீர்மானிப்பது டாக்டரும் இல்லை, கடைக்காரரும் இல்லை. அதனால்தான் விலை குறைகிறது.

அரசு மருத்துவமனை மாத்திரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. "தர்ம ஆஸ்பத்திரி மாத்திரை கேக்காது" என்று சொல்வது தவறு. 1994ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் என்று அரசு ஒரு நிறுவனம் அமைத்தது. மாநிலத்துக்கே மொத்தமாக டெண்டர் விட்டு, பொதுப்பெயரில் வாங்கி, பேட்ச் பேட்சாக ஆய்வகத்துக்கு அனுப்பித் தேறிய பிறகுதான் மருத்துவமனைகளுக்கு அனுப்புகிறார்கள். மற்ற மாநிலங்கள் வந்து பார்த்து இந்த முறையைத் தங்கள் ஊருக்குக் கொண்டுபோயிருக்கின்றன. தனியாரில் வாங்கும் மாத்திரையில் இப்படி ஒவ்வொரு பேட்சையும் வாங்குபவர் தரப்பில் சோதிக்கிறார்களா என்று யோசித்துப் பாருங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன.

ஒரு எச்சரிக்கை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். தைராய்டு மாத்திரை, வலிப்பு மாத்திரை, ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் வார்ஃபரின், உறுப்பு மாற்று சிகிச்சைக்குப் பிறகு எடுக்கும் மருந்துகள், இவற்றில் ரத்தத்தில் உள்ள அளவு கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் தொந்தரவு. ஒரு கம்பெனி ஒத்துக்கொண்டால் அதையே தொடருங்கள், மாற்றுவதென்றால் டாக்டரிடம் சொல்லிவிட்டு, ரத்தப் பரிசோதனையோடு மாற்றுங்கள். மற்றபடி அட்டையில் நெடுக்காகச் சிவப்புக் கோடு இருக்கும் மாத்திரையை என்னிடம் சீட்டில்லாமல் கேட்காதீர்கள்.

ஆச்சியின் நோட்டு

பெரிய வளவு வீடுகளில் தனியாக இருக்கும் வயதானவர்கள் இங்கே நிறைய. பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும். பணத்துக்குக் குறைவில்லாத வீடுகளில்கூட மருந்து இப்படித்தான் குழம்புகிறது. எண்பதைத் தொடும் ஒரு ஆச்சி மயக்கம் வருகிறது என்று சொன்னபோது, வீட்டில் இருக்கும் எல்லா அட்டைகளையும் கொண்டு வரச் சொன்னேன். பிஸ்கட் டின் நிறையக் கொண்டு வந்தார்கள். உள்ளூர் டாக்டர் சீட்டு ஒன்று, மதுரை இருதய டாக்டர் சீட்டு ஒன்று, மகன் வீட்டுக்குப் போனபோது சென்னையில் காட்டிய சீட்டு ஒன்று. பதினோரு பெயர். பின்பக்கத்தைத் திருப்பிப் பொதுப்பெயரை எழுத எழுத எட்டு மருந்தாகச் சுருங்கியது. டெல்மிசார்ட்டன் இரண்டு பெயரில் இருந்தது, காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று இரண்டையும் விடாமல் சாப்பிட்டிருக்கிறார்கள். பேன்டோபிரசோல் மூன்று பெயரில்.

எந்த டாக்டரும் தப்பாக எழுதவில்லை. ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியவில்லை, பிராண்ட் பெயர் மட்டும் இருந்ததால் ஆச்சிக்கும் தெரியவில்லை. நான் எதையும் நிறுத்தச் சொல்லவில்லை, அது என் வேலை இல்லை. பொதுப்பெயர், அளவு, யார் எழுதியது, எந்த நேரம் என்று நான்கு கட்டம் போட்டு ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிக் கொடுத்து, அன்றைக்கே உள்ளூர் டாக்டரிடம் அனுப்பினேன். அவர் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்து, மதுரைக்குப் போனில் பேசி, ஆறு மருந்தாக்கிக் கொடுத்தார்.

அடுத்த மாதம் ஆச்சி கடைக்கு வந்தபோது நோட்டைக் கையிலேயே பிடித்திருந்தார்கள். கல்யாணச் சாமானுக்குச் சிட்டை எழுதிப் பழகிய கை, ஒவ்வொரு மருந்துக்கு நேராகவும் வாங்கிய தேதியையும் ரூபாயையும் தன் எழுத்தில் சேர்த்திருந்தார்கள். கடைசிக் கட்டத்தில் ஒரு தொகையைச் சுழித்து, "இது போன தடவை இருபத்தெட்டு ரூவாய்தானே, இப்ப எதுக்குக் கூட வந்திருக்கு? கம்பெனி மாறியிருக்கா, பின்னாடி திருப்பிக் காட்டுங்க" என்றார்கள். திருப்பிக் காட்டினேன்.